முதல் வேலை: கூடுதல் சம்பளமா, வளர்ச்சியா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதல்படி:
வணக்கம். படிப்பு முடித்து ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. ஒன்று, வாடிக்கையாளர் சேவை மையத்தில் இரவுப்பணி. இன்னொன்று, பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பயிற்சி உதவியாளர். தணிக்கை அலுவலகம் தருவதை 100 என்று வைத்துக்கொண்டால் சேவை மையம் 130 தருகிறது. படித்தது வணிகவியல், மனசு தணிக்கைப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் கல்விக் கடன் இருக்கிறது, அப்பாவும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அறிவுரை நிறையக் கேட்டாகிவிட்டது. இதே நிலையில் உங்களுக்கு என்ன நடந்தது என்று சொன்னால் போதும்.

பென்சில்குறி:
தம்பி, பதினோரு வருடத்துக்கு முன் நானும் இப்படி ஒரு சின்ன தணிக்கை அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்குத்தான் சேர்ந்தேன். முதல் மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வங்கியின் கணக்கும் நம் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார்கள். எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் ஒரு சிறு தொகை இடித்தது. மாலையாகிவிட்டது, வீட்டுக்குப் போகும் அவசரம் வேறு. அந்தத் தொகையை 'இதர செலவு' என்று எழுதிச் சமன் செய்து கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை சீனியர் அந்த வரியை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். கொடுத்தும் இன்னும் வங்கியில் செலுத்தப்படாத காசோலை ஒன்று அகப்பட்டது. வங்கிக் கட்டணம் ஒன்று இரண்டு முறை பதிவாகியிருந்ததும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால் இடித்த தொகை அப்படியே நேரானது.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவர் வேறு வேலை பார்த்திருந்தால் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கியிருக்கலாம். அதை எனக்காகச் செலவழித்தார். என் சம்பளத்தில் குறைந்த தொகைக்கு ஈடாகக் கிடைத்தது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். எந்த எண்ணைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் அன்று வந்தது. பிறகு வேலை மாறிய இரண்டு முறையும் அந்தப் பழக்கம்தான் எனக்கு இடம் வாங்கித் தந்தது.

ஆனால் பணக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். 130 வருடத்துக்கு 5 சதவீதம் கூடுகிறது, 100 வருடத்துக்கு 15 சதவீதம் கூடுகிறது என்று வையுங்கள். நான்காவது வருடம் தணிக்கை அலுவலகம் 152, சேவை மையம் 150. மாதச் சம்பளம் முந்திவிட்டது. ஆனால் முதல் நாளிலிருந்து கையில் வாங்கிய மொத்தத்தைப் பார்த்தால் ஆறாவது வருட முடிவிலும் சேவை மையப் பக்கம் 884, தணிக்கைப் பக்கம் 875. ஏழாவது வருடத்தில்தான் ஈடாகிறது. வளர்ச்சி 15க்குப் பதில் 10 சதவீதமாக இருந்தால் மாதச் சம்பளம் முந்தவே ஏழாவது வருடம் ஆகும். மொத்தம் ஈடாகப் பதினோராவது வருடம்.

நடுவில் இருக்கும் இந்த வருடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அவற்றை அக்காவிடம் கைமாற்று வாங்கித்தான் ஓட்டினேன். அக்கா இல்லையென்றால் நான் இந்த வேலையில் நீடித்திருக்க முடியாது. உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

ராத்திரிப்பறவை:
நான் 130 பக்கம் போனவன். வருத்தம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கல்விக் கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. ஜாமீன் கையெழுத்து போட்டவர் மாமா. வங்கியிலிருந்து அவருக்குத்தான் போன் போகும். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சேவை மையத்தில் சேர்ந்து பத்தொன்பது மாதத்தில் கடனை அடைத்தேன். நிலுவை இல்லை என்ற சான்றிதழை அவர் கையில் கொடுத்த நாளை மறக்க முடியாது. அந்தச் சூழ்நிலையில் எதிர்காலம், வளர்ச்சி என்று யோசிக்க எனக்கு இடமே இருக்கவில்லை. சம்பளத்துக்காக ஒரு வேலையை எடுப்பதில் தலைகுனிய ஒன்றுமில்லை தம்பி.

தப்பு செய்தது அப்புறம். கடன் முடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். தவணை போன இடத்தில் வேறு செலவுகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்றரை வருடம் ஆன பிறகு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். "இங்கே நீங்களாக முடிவெடுத்துச் செய்த வேலை ஒன்று சொல்லுங்கள்" என்றார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு அழைப்பைச் சராசரியாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறேன் என்ற எண் மட்டும். திரையில் வரும் வரிகளைப் படித்தே மூன்றரை வருடம் போயிருந்தது. கடைசியில் 20 சதவீதம் குறைந்த சம்பளத்தில் வேறு துறைக்கு வந்தேன். இருபத்திரண்டு வயதில் சிக்கனமாக இருப்பது எளிது. இருபத்தாறில், வீட்டுப் பொறுப்பு ஏறிய பிறகு அதே சிக்கனம் கழுத்தை நெரிக்கிறது.

அதனால், 130 பக்கம் போனால் கிளம்பும் தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். கடன் எந்த மாதம் முடிகிறதோ, அதுதான் அந்தத் தேதி.

இரண்டாம்முறை:
பென்சில்குறி அக்கா சொன்னதைப் படித்ததும் எனக்கு வேறொரு நாற்காலி ஞாபகம் வந்தது. என் பக்கத்தில் கடைசிவரை யாரும் வந்து உட்காராத நாற்காலி.

"சம்பளம் கொஞ்சம் கம்மிதான், ஆனால் இங்கே கற்றுக்கொள்ளலாம்" என்று சொல்லி ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அதைவிட நல்ல சம்பளம் தந்த இடத்தை வேண்டாம் என்றேன். இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கினார்கள், அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சேர்ந்த மூன்றாவது வாரம் சீனியர் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. எனக்குக் கிடைத்த வேலை, வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது. நான் எழுதிய நிரலை யாரும் படித்ததில்லை. சரியா தப்பா என்று சொன்னதில்லை. ஓடினால் போதும். ஓடவில்லையென்றால் ராத்திரி போன் வரும்.

பதினான்கு மாதம் இருந்தேன். சம்பள உயர்வு பற்றிக் கேட்டபோதெல்லாம் "நீ இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாய்" என்றார்கள். யாரிடம் கற்றுக்கொண்டிருந்தேன்? இணையத்தில் பார்த்து, ராத்திரியில் தனியாகத்தான். அதை நல்ல சம்பளம் தரும் வேலையில் இருந்துகொண்டும் செய்திருக்கலாமே. சான்றிதழ்களைத் திரும்ப வாங்க நான் அலைந்ததை எழுதினால் தனிக்கதையாகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அசலை யார் கேட்டாலும் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இரண்டாவது வேலை தேடும்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். 'கற்றுக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும், என் வேலையைத் திருத்தப்போவது யார், அவர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார், அவரோடு பத்து நிமிடம் பேசலாமா என்று கேட்பேன். இரண்டு இடத்தில் பேச்சை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு அம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்கள். அவர் என் பழைய நிரல் ஒன்றைத் திரையில் திறந்து, "இந்த இடத்தில் கோப்பு காலியாக வந்தால் என்ன ஆகும்?" என்றார். பதினான்கு மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அங்கேயே சேர்ந்தேன். சம்பளமும் குறைவாக இல்லை.

எதிர்நாற்காலி:
நான் ஆள் எடுக்கும் பக்கம் உட்காருகிறவன். இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன்.

லெட்டரில் உள்ள மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் வரும் இன்சென்டிவ் எவ்வளவு என்று பிரியுங்கள். முதல்படி தம்பி, உங்கள் 130 எப்படி 130 ஆகிறது? இரவுப்பணிப் படியும் இன்சென்டிவும் சேர்த்துத்தான் 130 என்றால், நிச்சயமாகக் கைக்கு வருவது 110 ஆகக்கூட இருக்கலாம். சதவீத உயர்வும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் போடப்படும். சேரும்போது போனஸ் தருகிறார்கள் என்றால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதே தாளில் தேடுங்கள்.

அப்புறம், குறைந்த சம்பளம் தரும் இடத்தில் பேரம் பேசத் தயங்காதீர்கள். முதல் மாதச் சம்பளத்தை ஏற்றித் தர முடியாத சிறு அலுவலகம்கூட, ப்ரொபேஷன் என்கிற ஆரம்பச் சோதனைக் காலம் முடிந்ததும் உயர்வு தருகிறேன் என்று எழுதித் தரச் சம்மதிக்கும். வாயால் சொன்னது எனக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும், கெட்ட எண்ணத்தால் இல்லை. எழுதி வாங்கினால் நானும் மறக்க மாட்டேன்.

இன்னொன்று. ஆரம்பச் சம்பளம் பின்னாலேயே வரும். அடுத்த நிறுவனம் இப்போது என்ன வாங்குகிறீர்கள் என்று கேட்டு அதன் மேல் ஒரு சதவீதம் போடுகிறது. சில நாடுகளில் அப்படிக் கேட்பதையே சட்டம் தடுக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். வாங்குவதைச் சொல்லுங்கள், கூடவே இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொருளியல் மாணவி:
மேலே இரண்டு பேர் சொன்னதற்கும் பொருளியலில் விளக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எங்கே போனாலும் பயன்படும் திறமை ஒன்று, அந்த ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுவது இன்னொன்று. முதல் வகையைக் கற்றுத்தர நிறுவனம் தன் காசைப் போடத் தயங்கும், ஏனென்றால் கற்றவர் நாளைக்கே வேறிடம் போகலாம். அதனால் அந்தச் செலவைக் குறைந்த சம்பளம் என்ற வடிவில் கற்பவரே ஏற்கிறார் என்பது அவர் வாதம். பென்சில்குறி அக்கா கொடுத்தது அந்தக் கட்டணம்தான். இரண்டாம்முறை அண்ணா அதே கட்டணத்தைக் கட்டினார், பாடம் மட்டும் நடக்கவில்லை.

ராபர்ட் டோபெல், மைக்கேல் வார்ட் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1992-இல் அமெரிக்க இளைஞர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இங்கே உதவும். வேலைக்கு வந்த முதல் 10 ஆண்டுகளில் ஒருவர் சராசரியாக 7 இடங்களில் வேலை பார்த்திருந்தார். அந்தக் காலச் சம்பள வளர்ச்சியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, வேலை மாறியபோது கிடைத்தது. ஆகவே 'இந்த நிறுவனத்தில் எவ்வளவு உயர்வேன்' என்பதோடு 'இங்கிருந்து எங்கே போக முடியும்' என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்.

முதல்படி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

முதலில் லெட்டரைப் பிரித்தேன். எதிர்நாற்காலி அண்ணா, நீங்கள் சொன்னது கிட்டத்தட்ட சரி. 130-இல் 16 இன்சென்டிவ். நிச்சயமாக வருவது 114தான்.

பிறகு சாயங்காலம் தணிக்கை அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வருடம் முன் சேர்ந்த ஒருவரோடு பேசலாமா என்று கேட்கும்போது குரல் நடுங்கியது. உரிமையாளர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு அக்காவை அனுப்பினார், உரிமையாளர் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. அக்கா தன் கோப்பைத் திறந்து காட்டினார். ஓரமெல்லாம் சிவப்புப் பேனாவில் கேள்விகள். ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கங்களில் நிறைய, போன மாதப் பக்கத்தில் இரண்டே இரண்டு. அந்த அக்காவுக்கு முன் சேர்ந்த மூன்று பேரில் இருவர் வேறு நிறுவனங்களில் கணக்குப் பிரிவில் இருக்கிறார்களாம், ஒருவர் இங்கேயே சீனியர். "மார்ச் மாதத்தில் வீட்டுக்குப் போக நேரமாகும், அதைத் தெரிந்துகொண்டு வா" என்றும் சொன்னார்.

ஆறு மாதத்தில் 10 சதவீத உயர்வு எழுதித் தரக் கேட்டேன். 8 என்றார்கள், எழுதித் தந்தார்கள். பாண்ட் இல்லை, அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்கள்.

ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து கடன் தவணையை எழுதிப் பார்த்தேன். 100-இல் தவணை போக மிச்சம் மிகக் குறைவு. ராத்திரிப்பறவை அண்ணா, உங்கள் பதிவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு இன்னும் இரண்டு வருடம் சம்பளம் வரும். முதல் வருடத் தவணையில் பாதி என்னுடையது. இரண்டாம் வருடத்திலிருந்து நீயே பார்த்துக்கொள்" என்றார். அதையும் அதே தாளில் எழுதச் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

திங்கள்கிழமை தணிக்கை அலுவலகத்தில் சேர்கிறேன்.