இரண்டு தராசு, ஒரு பில் பிரிண்டர்: எந்த போர்டு சரியாக வரும்? அவசரம்

மண்டி_காவேரிப்பட்டணம்
வணக்கம். எங்கள் மாங்காய் மண்டியில் இரண்டு எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. எடையைப் பார்த்து நோட்டில் எழுதி, அப்புறம் பில் போடுகிறோம். சீசனில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது எண் மாறிப்போய் தினமும் வாக்குவாதம். இரண்டு தராசையும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றில் இணைத்து நேராக பில் வர வேண்டும். ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ போதுமா? நாளை பெங்களூரு போகிறேன், எஸ்பி ரோட்டில் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்_ஷிப்ட்2
தராசுக்குப் பின்னால் என்ன சாக்கெட் இருக்கிறது அண்ணா? ஒரு போட்டோ போடுங்கள். தராசிலிருந்து பில் மேஜை எவ்வளவு தூரம்? பிரிண்டர் யூஎஸ்பியா, புளூடூத்தா?

சில்லு_பிரியன்
பை எதற்கு? ஈஎஸ்பி32 என்ற சின்ன சில்லு போர்டு போதும். தராசு மாதிரி சாதனங்கள் எண் அனுப்பும் சீரியல் போர்ட் அதில் மூன்று இருக்கிறது, வைஃபையும் உண்டு. திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும் தொல்லையும் கிடையாது.

தகடூரான்
இதே கேள்வி சீசனுக்கு சீசன் வருகிறது. பழைய இழைகளை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. போர்டின் பெயரை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள் தம்பி. எத்தனை சாதனம், ஒவ்வொன்றிலும் என்ன சாக்கெட், என்ன வோல்ட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஜீரோ 2 டபிள்யூவில் சாதனம் மாட்ட இருப்பது ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி. ஈதர்நெட் சாக்கெட்டே கிடையாது. இதுகூடத் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் தருவார்.

மண்டி_காவேரிப்பட்டணம்
பின்னால் 9 பின் சாக்கெட். பிரிண்டர் யூஎஸ்பி. ஒரு தராசு மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த 9 பின்னிலிருந்து வயர் எடுத்து நேராக பையில் வெளி வயர் மாட்டும் ஜிபிஐஓ பின்னில் சொருகிவிடலாமா?

பர்கூர்_சர்வீஸ்
வேண்டாம் சார், சொருகாதீர்கள்! பையின் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும். 9 பின் சாக்கெட்டில் வழக்கமாக வரும் ஆர்எஸ்-232 சிக்னலின் வோல்ட் பிளஸ், மைனஸ் என்று இரண்டு பக்கமும் போகும். சொருகினால் போர்டு போய்விடும்.

முதலில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை 5-ஆம் பின்னில். சிவப்பு முனையால் 2, 3 இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை காட்டினால் அது ஆர்எஸ்-232. பிளஸ் 3.3 அல்லது 5 காட்டினால் குறைந்த வோல்ட் சிக்னலான டிடிஎல். தராசு விடாமல் எடை அனுப்பிக்கொண்டிருந்தால் எண் கொஞ்சம் ஆடும், பயப்பட வேண்டாம். சாக்கெட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சில்லு_பிரியன்
அந்த சாக்கெட்டே வேண்டாம். தராசைத் திறந்து, உள்ளே எடையை உணரும் லோடு செல்லின் வயரை ஹெச்எக்ஸ்711 என்ற எடை படிக்கும் மாட்யூலில் கொடுத்தால் எடை நேராக வந்துவிடும்.

பர்கூர்_சர்வீஸ்
இதை மட்டும் செய்யவே கூடாது. வியாபாரத் தராசுக்கு எடையளவுச் சட்டப்படி தொழிலாளர் துறை முத்திரை போட்டிருக்கிறது. சீலை உடைத்தால் முத்திரை செல்லாது. விவசாயிக்குக் கொடுக்கும் பில் அந்தத் தராசை நம்பித்தான் நிற்கிறது. வெளியே இருக்கும் சாக்கெட் வழியாக மட்டும் எடுங்கள்.

ஊத்தங்கரை_தோட்டம்
போர்டு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பில் மெஷினில் வரப்போகிறது என்றால் ஒரு வேண்டுகோள். மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றையும் தனித்தனி வரியாக அச்சிடுங்கள். பெங்களூரா ரக மாங்காய் ஒரு லோடு இறக்கினால் கழிவு எவ்வளவு பிடித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால்தான் தெரிகிறது.

மண்டி_மகன்
அண்ணா, கழிவு சும்மா பிடிப்பதில்லை. அடிபட்டது, அழுகினது, காம்புப் பால் வடிந்து கறுத்தது எல்லாம் மாம்பழக் கூழ் எடுக்கும் பல்ப் ஃபாக்டரியில் எங்கள் தலையில்தான் கழிப்பார்கள்.

ஊத்தங்கரை_தோட்டம்
பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடித்ததை எழுதிக் கொடுங்கள் என்கிறேன்.

மண்டி_மகன்
எழுதினால் ஒவ்வொரு வண்டியிலும் அரை மணி நேரம் பேரம். பின்னால் நிற்கிற வண்டிக்காரருக்கு யார் பதில் சொல்வது?

தகடூரான்
கழிவுக்கு வேறு இழை தொடங்குங்கள். இங்கே கேட்டவர் நாளை காலை பஸ் ஏறப் போகிறார்.

மண்டி_காவேரிப்பட்டணம்
மீட்டர் வைத்தேன். 2-ஆம் பின்னில் மைனஸ் எட்டரை, ஆடுகிறது. இரண்டு தராசிலும் அதேதான். இன்னொரு தராசு ஷெட்டின் கடைசியில், நாற்பது மீட்டர் இருக்கும். வழியில் தண்ணீர் மோட்டார் லைன் போகிறது.

ஓசூர்_ஷிப்ட்2
தூரத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணா! ஆர்எஸ்-232க்குப் பதினைந்து மீட்டர்தான் பொதுக் கணக்கு. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் மோட்டார் லைன் பக்கத்தில் நம்ப முடியாது. அந்தத் தராசில் ஆர்எஸ்-232லிருந்து, நீண்ட தூரம் தாங்கும் ஆர்எஸ்-485க்கு மாற்றும் பெட்டி, மேஜையில் யூஎஸ்பி ஆர்எஸ்-485 ஒன்று. நடுவில் முறுக்கிய ஜோடி வயர், மோட்டார் லைனிலிருந்து தள்ளி இழுங்கள். இது 1200 மீட்டர் வரை போகும்.

போர்டு: ராஸ்பெரி பை 4. நான்கு பெரிய யூஎஸ்பி சாக்கெட். பக்கத்துத் தராசுக்கு ஒரு யூஎஸ்பி ஆர்எஸ்-232 வயர், தூரத் தராசின் 485, பிரிண்டர், கீபோர்டு, நான்கும் நிறைந்துவிடும். பவருக்கு போன் சார்ஜர் போடாதீர்கள், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள்.

பர்கூர்_சர்வீஸ்
வழிமொழிகிறேன். இரண்டு சேர்க்கை. பை 4-இல் கடிகார பேட்டரி இல்லை. இன்டர்நெட் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால் பில்லில் தேதி தப்பாக வரும். டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் ஒன்று மாட்டுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். இரண்டு யூஎஸ்பி வயரிலும் சிஹெச்340 சிப் இருந்தால் தனி சீரியல் எண் இருக்காது. ரீஸ்டார்ட் ஆனதும் முதல் தராசு இரண்டாவதாகிவிடும், ஒருவர் எடை இன்னொருவர் பில்லில் ஏறும். தனி சீரியல் எண் உள்ள எஃப்டிடிஐ சிப் வயராகக் கேட்டு வாங்குங்கள், அல்லது எந்த சாக்கெட்டில் எது என்று பாதையை வைத்து அடையாளம் கொடுங்கள்.

சில்லு_பிரியன்
தூரத் தராசுக்கு மட்டுமாவது ஈஎஸ்பி32 வைத்து வைஃபையில் அனுப்பலாமே? வயரே வேண்டாம்.

பர்கூர்_சர்வீஸ்
தகர ஷெட், நடுவில் லாரி நிற்கும். எடை விட்டுப்போனால் அது பணம். வயரே இருக்கட்டும்.

மண்டி_காவேரிப்பட்டணம்
பை 4 வாங்கினேன், எஃப்டிடிஐ வயரும் கிடைத்தது. இரண்டு எடையும் வருகிறது. கழிவுக்குத் தனி வரி வைத்துவிட்டேன். பில்லில் தமிழ் மட்டும் கேள்விக்குறியாக விழுகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஓசூர்_ஷிப்ட்2
இந்த மாதிரி பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது அண்ணா. பில்லை பையிலேயே படமாக மாற்றி அனுப்புங்கள், சரியாக விழும்.