டெங்கு இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அப்புறம்?

கொருக்குப்பேட்டை மருமகள்:
மழை விட்ட கையோடு மாமியாருக்குக் காய்ச்சல். ராத்திரி 103. எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சுட்டாலும் டெங்கு என்றுதான் பேச்சு, நாங்களும் லேப்புக்கு ஓடினோம். டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ், பிளேட்லெட்டும் பரவாயில்லை. அப்பாடா என்று திரும்பினால், மறுநாள் காலை அவரால் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விரல் மூட்டெல்லாம் வீக்கம். குதிகால் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்தே பாத்ரூம் போனார். டாக்டர் கையைப் பார்த்ததுமே சிக்குன்குனியாவுக்கு ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவையே தேடும் டெஸ்ட்) எழுதினார். பாசிட்டிவ். காய்ச்சல் சீக்கிரம் விட்டது. ஆனால் பொங்கல் கழிந்தும் அரிவாள்மனை முன்னால் உட்கார முடியவில்லை. 2006-ல் இதே சிக்குன்குனியாவால் ஊரே நொண்டியபோது தப்பித்தவர், பாவம்.

ராயபுரம் லேப்காரன்:
அக்கா, தினமும் இதே கதைதான். "டெங்கு டெஸ்ட் எடுங்க" என்பார்கள். காய்ச்சல் வந்து எத்தனை நாள் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு. என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்குள்தான் நன்றாகப் பிடிக்கும். அதற்குப் பிறகு ஐஜிஎம், அதாவது வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். எட்டாம் நாள் வந்து என்எஸ்1 மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். உடனே ரிசல்ட் காட்டும் ரேபிட் கார்டில் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) விட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோடு விழுந்ததா இல்லையா என்று டியூப்லைட்டில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிற மாதிரி மங்கலாக இருக்கும். அரசுத் தரப்பில் எலிசாவை (லேப் மெஷினில் அளந்து பார்க்கும் டெஸ்ட்) கேட்பது சும்மா இல்லை. அந்த எலிசா ஐஜிஎம்மும் சில சமயம் ஜிகா வைரஸ் காய்ச்சலை டெங்கு என்று காட்டிவிடும், இரண்டும் பங்காளி வைரஸ்கள். சிக்குன்குனியா வேறு வம்சம். டெங்கு கார்டில் அது ஜென்மத்துக்கும் தெரியாது, தனியாகக் கேட்டுத்தான் எடுக்கணும்.

காசிமேட்டுக்காரன்:
என் மச்சானுக்கு டெங்கு, சிக்குன்குனியா இரண்டும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் பரப்புவது அதே ஏடிஸ் கொசுதானே. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்மில் கார்ப்பரேஷன் ஆள் டார்ச் அடித்ததும் புழு நெளிந்தது. டெங்கு பாசிட்டிவ் என்றதால் மூட்டுவலியை யாரும் கண்டுகொள்ளவில்லை. வலி தாங்காமல் புரூஃபென் வாங்கி வரச் சொன்னான். வார்டு சிஸ்டர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். "டெங்குல அதைப் போட்டா ரத்தம் கசியும், பாராசிட்டமால் மட்டும் குடு" என்றார். அவர் சொல்லித்தான் டாக்டர் சிக்குன்குனியா டெஸ்ட்டும் எழுதினார். லேப்காரத் தம்பி, இரண்டையும் ஒரே ரத்தத்தில் பார்க்கச் சொல்லி நாமே கேட்கலாமா?

ராயபுரம் லேப்காரன்:
தாராளமா கேளுங்கண்ணா. சீட்டில் காய்ச்சல் ஆரம்பித்த தேதியையும் எழுதச் சொல்லுங்க.