ஒரே பாறை, மேட்டில் செம்மண், பள்ளத்தில் கரிசல்: எப்படி?

மேட்டுக்காடு:
பல்லடம் பக்கம் தோட்டம், லேசான சரிவு. மேல் பாதி நல்ல சிவப்பு, கீழே போகப் போகப் பழுப்பாகி வாய்க்கால் ஓரத்தில் சுத்தக் கரிசல். மேலே ஒரு கிணறு, கீழே ஒரு கிணறு, ரெண்டிலும் அதே வரி வரியான பாறைதான். கரிசலில் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. செம்மண் வெடிப்பதே இல்லை, ஆனால் மழை பெய்து காய்ந்தால் மேல்மண் இறுகி, சோளம் முளைத்து வெளியே வரத் திணறுகிறது. "செம்மண்ணில் இரும்பு ஜாஸ்தி, அதான்" என்கிறார்கள். அதுதான் காரணமா?

கல்லும்மண்ணும்:
இரும்பு நிறத்துக்குக் காரணம், வெடிப்புக்கு இல்லை. அந்த வரிப்பாறையின் பெயர் நைஸ் (gneiss). அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் கரியமில வாயு கரைந்த மழைநீர் மெல்ல அரிக்கிறது. மேட்டில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுவதால் கால்சியம், மக்னீசியத்தோடு சிலிக்காவிலும் ஒரு பங்கு போய்விடும், மிஞ்சுவது கயோலினைட் என்ற களிமண் கனிமம். போனதெல்லாம் எங்கே சேரும்? உங்கள் பள்ளத்தில்தான். அங்கே வடிகால் மந்தம், சிலிக்காவும் மக்னீசியமும் தேங்கி ஸ்மெக்டைட் என்ற வேறொரு களிமண் கனிமம் உருவாகிறது. கரிசலைத் தோண்டினால் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) வருமே, மேட்டிலிருந்து இறங்கிய கால்சியத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கயோலினைட்டில் ஒரு சிலிக்கா ஏடும் ஒரு அலுமினா ஏடும் சேர்ந்தது ஒரு அடுக்கு, 0.7 நானோமீட்டர்தான். அடுக்குகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக ஒட்டியிருப்பதால் நடுவில் தண்ணீர் நுழையாது. ஸ்மெக்டைட்டில் அந்தப் பிடிப்பு தளர்வு, தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெடிப்பு அதனால்தான்.

சிவப்பு விஷயம்: பாறையிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கருநிறக் கனிமங்கள் சிதையும்போது வெளிவரும் இரும்பு, ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடாகிக் களிமண் துகள்மேல் படிகிறது. சில சதவீதம் இருந்தாலே மண் முழுக்கச் சிவந்துவிடும். தூய கயோலினைட் வெள்ளைதான்.

தூறல்:
ஒரு இடம் இடிக்குதே. பல்லடத்தில் ஆண்டு மழை 600 மி.மீ. பக்கம்தான். அதில் இவ்வளவு கரைந்து போகுமா?

கல்லும்மண்ணும்:
சரியான கேள்வி. இன்றைய மழையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தென்னிந்தியச் செம்மண் பலவும் முன்பு ஈரம் மிகுந்திருந்த காலத்தில் சிதையத் தொடங்கியது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதோடு வறண்ட பகுதிச் செம்மண்ணில் இருப்பது சுத்தக் கயோலினைட்டும் இல்லை, ஸ்மெக்டைட் அடுக்குகள் இடையிடையே கலந்தே இருக்கும். நிஜமாகவே கொட்டும் மழை என்றால் நீலகிரியைப் பாருங்கள், அங்கே சிலிக்கா மேலும் வெளியேறி கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம் வரைக்கும் போயிருக்கிறது.

ஏரிக்கரை:
பாடம் போதும், சோளத்துக்கு வருவோம். செம்மண்ணில் உப்பாத களி, மக்கிய பொருள் குறைவு, மழைத்துளி அடித்ததும் நுண்துகள் துளைகளை அடைத்துவிடும், வெடிக்காததால் அந்த ஓடு தானாக உடையவும் உடையாது. கோடையில் ஏரி வண்டல் அடியுங்கள். வண்டலில் உள்ள களி தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் அடிக்கும் முன் உப்பு இருக்கிறதா என்று மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், சில ஏரி வண்டல் ரொம்ப உவர். அப்புறம் சூப்பர் பாஸ்பேட்டைச் செம்மண்ணில் தூவி விடாதீர்கள், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துக்கொள்ளும். தொழுஉரத்தோடு கலந்து விதை வரிசைக்குப் பக்கத்தில் இடுங்கள்.