ஐப்பசி பாதி ஆகிவிட்டது, அவரை இன்னும் பூக்கவில்லை. கொடியை அறுத்துவிடலாமா?

காட்பாடிக்காரி:
வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் கொல்லை. ஆடிப்பெருக்கு அன்று நாலு அவரை விதை ஊன்றினேன். அம்மா வீட்டில் சாம்பல் கலந்து சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்த விதை. இப்போது கொடி முருங்கையில் ஏறி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணி காயப்போடும் கம்பியையும் விழுங்கிவிட்டது. இலை கையகலம். பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. "அறுத்து மாட்டுக்குப் போடு, துணியாவது காயும்" என்று வீட்டுக்காரர் தினம் ஒரு தடவை சொல்கிறார்.

மற்றபடி குறையில்லை. முள்ளு கத்திரி நாலு செடி, வாரம் ஒன்றரை கிலோ வருகிறது. காம்பெல்லாம் முள், பழைய துணியைச் சுற்றிப் பிடித்துத்தான் பறிக்கிறேன். மழை விட்ட காலையில் பறித்த காயைக் கடைந்து, சூடான கேழ்வரகுக் களியில் குழி பண்ணி ஊற்றினால் வீட்டில் பேச்சே இருக்காது. புரட்டாசி முழுக்க இந்தக் கத்திரிக்காய்தான். புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு பிரியாணி செய்தேன், அதற்குத் தொட்டுக்கொள்ளவும் இதே கத்திரிக்காய்!

சீத்தாப்பழத்தில்தான் அணிலோடு போட்டி. கண் விரிந்து இடுக்கு வெளுத்ததும் பறித்து அரிசிப் பானையில் புதைத்துவிடுகிறேன். ஒரு நாள் அசந்தால் தோல்தான் மிச்சம்.

சரி, அவரைக்கு என்ன செய்யலாம்?

அணைக்கட்டுத் தம்பி:
அக்கா, சாணி எருவை அள்ளிக் கொட்டினீர்களா? தழைச்சத்து கூடினால் இலைதான் வரும். இனி எரு வேண்டாம், சாம்பல் மட்டும் தூவுங்கள்.

கத்திரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நுனிக்குருத்து வாடித் தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினைக்காதீர்கள், உள்ளே புழு இருக்கும். வாடிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே கிள்ளி எரித்துவிடுங்கள், செடியடியில் போடக்கூடாது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். மழை வரும்போல இருந்தால் அன்று வேண்டாம்.

காய் பளபளப்பு மங்கும்வரை விடாதீர்கள், விதை முற்றிவிடும். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதை முற்றவிட்டுச் சாப்பிட்டால் எங்களுக்குத்தான் அவமானம்.

போளூர் வாத்தியார்:
அறுக்காதீர்கள் அம்மா. அம்மா வீட்டு விதை என்கிறீர்கள், அப்படியானால் பழைய பந்தல் அவரையாகத்தான் இருக்கும். அது பகல் குறைந்தால்தான் பூக்கும். நீங்கள் ஊன்றிய அன்று பகல் 12½ மணி நேரத்துக்கு மேல், இப்போது 12-க்குக் கீழே வந்துவிட்டது. கார்த்திகையில் பூத்து மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். எந்த மாதமும் காய்ப்பது செடி அவரை, அது வேறு ரகம்.

ஒன்று கேட்கிறேன். கொடிமேல் ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சம் விழுகிறதா? விழுந்தால் அந்தப் பக்கம் பூ தாமதமாகலாம்.

இங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பச்சை மல்லாட்டையை மண் போக அலசி, உப்புப் போட்டு வேகவைத்து, திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே உரிக்கிறேன். நீங்கள் சொல்லும் களிக்கு இதில் ஒரு சட்னி அரைத்துப் பாருங்கள்.

ஆரணி மருமகள்:
எங்கள் மாமியார் போன வருஷம் இதே கோபத்தில் அறுத்துவிட்டார். பக்கத்து வீட்டில் அதே விதை, தை மாதம் வரை காய்த்தது. பொங்கலுக்கு அவர்களிடம்தான் வாங்கினோம். மாமியார் இன்றுவரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

காட்பாடிக்காரி:
வாத்தியார் ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முருங்கைப் பக்கம் தெருவிளக்கு வெளிச்சம் விடிய விடிய விழும். அங்கே ஒன்றுமில்லை. தொட்டிக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில், இலையை விலக்கினால் ஊதா நிறத்தில் மிளகு அளவு மொட்டு. ஒரே காம்பில் 11 எண்ணினேன், அதற்குள் கருவண்டு ஒன்று வந்து ரீங்கரித்துவிட்டுப் போனது.

தம்பி, எரு போட்டது உண்மைதான், மூன்று கூடை. கத்திரியில் இரண்டு நுனி வாடியிருந்தது, கிள்ளி எரித்துவிட்டேன்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மொட்டைக் காட்டினேன். "ம்" என்றார். இப்போது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்.