சோபா போச்சு: பூனை நகத்துக்கு என்னதான் வழி?

மாடிவீட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மேடவாக்கத்தில் இரண்டாம் மாடி, வாடகை வீடு. போன வருஷம் ஐப்பசி மழையில் என் பைக்குக்கு அடியில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்தோம். பெயர் பட்டாணி. இப்போது ஒரு வயசு தாண்டிவிட்டது, கருத்தடை ஆபரேஷனும் ஆயிற்று. பிரச்சினை என்னவென்றால் பொங்கலுக்கு வாங்கிய சோபா. சாம்பல் நிறத் துணி, தவணை இன்னும் ஆறு மாதம் பாக்கி. வலது கைப்பிடி முனையில் துணி நூல் நூலாகத் தொங்குகிறது, உள்ளே இருக்கும் ஃபோம் தேங்காய்த் துருவல் மாதிரி தரையில் கொட்டிக்கிடக்கிறது. திட்டினால் ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்து என்னையே பார்க்கும், நான் குளிக்கப் போனதும் மறுபடி சர்ரக் சர்ரக். ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு பிறாண்டும் கம்பம் வாங்கி பால்கனியில் வைத்தேன், என் முழங்கால் உயரம்தான் இருக்கும், அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் “நகத்தையே எடுத்துவிடலாமே, இங்கே சகஜம்” என்கிறார். வீட்டில் “சோபாவா பூனையா, ஒரு முடிவு சொல்லுங்க” என்று கேட்டாயிற்று. அனுபவம் உள்ளவர்கள் நேரடியாகச் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி:
நேரடியாகத்தானே? பூனையை எதற்கு சோபாவில் ஏற்றினீர்கள்? எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு பூனை இருக்கும். திண்ணையில் தூங்கும், எலி பிடிக்கும், முருங்கை மரத்தில் நகத்தைத் தீட்டிக்கொள்ளும். ஒரு பூனையும் எங்கள் தாத்தா நாற்காலியைத் தொட்டதில்லை. மரத்தில் வாழ வேண்டியதை மாடியில் பூட்டி வைத்துவிட்டு அது பிறாண்டுகிறது என்று அழுதால் எப்படி?

தேக்குமரம்:
நான் கோயம்புத்தூரில் குஷன் வேலை செய்கிறவன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூனை கிழித்த சோபா மாதத்துக்கு ஒன்றாவது பட்டறைக்கு வரும். வாடிக்கையாளர் காசு கொடுத்துத் துணி மாற்றிக்கொண்டு போவார், மூன்று மாதத்தில் அதே கை, அதே மூலை, மறுபடி வருவார். எனக்கு வருமானம்தான், ஆனாலும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பூனை வளர்க்கிறவர்கள் அதை ஹாலுக்குள் விடாதீர்கள், அவ்வளவுதான் என் கருத்து. இல்லை, விட்டே தீருவேன் என்றால் துணியையாவது பார்த்து வாங்குங்கள். சணல் மாதிரி முரட்டு நெசவு, கண்ணி கண்ணியாக நூல் எழும்பி நிற்கிற துணி, இதெல்லாம் பூனைக்குக் கல்யாணச் சாப்பாடு. நகம் மாட்டும், இழுத்தால் கிழியும், கிழிகிற சுகம் அதற்கு வேண்டும். நெருக்கமான வெல்வெட், மைக்ரோஃபைபர் என்றால் நகம் அவ்வளவாக மாட்டாது. ரெக்சின் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நூல் வராது, ஆனால் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழும், அந்த ஓட்டையிலிருந்துதான் வெடிக்க ஆரம்பிக்கும்.

ஜீரோபட்ஜெட்:
இதற்கா இவ்வளவு பேச்சு. சோபா சந்தில் நாலு பாச்சை உருண்டை போடுங்கள், கைப்பிடியில் யூகலிப்டஸ் தைலம் தடவுங்கள். அப்படியும் வந்தால் மிளகாய்த்தூள் கரைத்துத் தெளியுங்கள். மொத்தச் செலவு ஐம்பது ரூபாய்.

மூன்றுபூனைஅம்மா:
ஜீரோபட்ஜெட் சார், தயவுசெய்து இதை வேறு எங்கும் எழுதாதீர்கள். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஈரலையும் கெடுக்கும். யூகலிப்டஸ், டீ ட்ரீ, ஆரஞ்சு எண்ணெய் எல்லாம் நமக்கு வாசனை, பூனைக்கு விஷம். அவற்றைச் செரித்து வெளியேற்றும் வேலையை நம் ஈரல் செய்கிற மாதிரி அதன் ஈரலால் செய்ய முடியாது. பாதத்தில் ஒட்டினால் நக்கியே ஆகும், நக்கினால் உள்ளே போய்விடும். மிளகாய்த்தூள் பட்ட காலால் அது முகம் கழுவும்போது கண் என்னாகும் என்று யோசித்தீர்களா? ஐம்பது ரூபாயில் ஆரம்பித்து டாக்டரிடம் ஐயாயிரத்தில் முடியும்.

மாடிவீட்டுத் தம்பி, உங்களுக்கு. பட்டாணி உங்கள் மேல் கோபத்தில் பிறாண்டவில்லை. நகத்தின் மேல் தோடு பழசாகிவிட்டால் அதைக் கழற்ற வேண்டும், தரையைக் கூட்டும்போது பிறை மாதிரி வெள்ளைத் துண்டுகள் கிடக்குமே, அதுதான். தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டி நெட்டி முறிக்க வேண்டும். அப்புறம் விரலிடுக்கில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, பிறாண்டும் இடத்தில் “இது என் வீடு” என்று கையெழுத்து போடுகிறது. மூன்றையும் திட்டி நிறுத்த முடியாது. நீங்கள் திட்டத் திட்ட, நீங்கள் இல்லாத நேரம் எது என்று மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

தேக்குமரம்:
கையெழுத்து என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. என்னிடம் வருகிற சோபாக்களில் சுவர்ப் பக்கம் கிழிந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். “இது எந்தப் பக்கம் இருந்தது” என்று கேட்டால் பெரும்பாலும் வாசலைப் பார்த்த மூலை என்றுதான் சொல்வார்கள், இல்லையென்றால் எல்லோரும் உட்கார்ந்து டிவி பார்க்கும் இடம். இத்தனை நாள் அங்கே கை படுவதால் துணி தேய்ந்து பூனைக்குச் சுலபமாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றுபூனைஅம்மா:
அதேதான் அண்ணா! யார் வந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில்தான் அது கையெழுத்து போடும், பால்கனி மூலையில் யாருக்காகப் போடுவது? அதனால் கம்பம் சோபாவின் அந்த வலது கைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அதுவும் பூனை பின்னங்காலில் நின்று முழுசாக நீட்டினாலும் எட்டாத உயரத்துக்கு, குறைந்தது 80 சென்டிமீட்டர். முழங்கால் உயரக் கம்பத்தில் நெட்டி முறிக்க முடியாது. இன்னொன்று, அசையக் கூடாது. ஒரு தடவை ஆடிச் சாய்ந்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது.

கடல்கடந்தவன்:
டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். மச்சான் சொன்னதில் என்ன தப்பு? 2014இல் எங்கள் பூனைக்கு முன்னங்கால் நகங்களை எடுத்தோம். அபார்ட்மெண்ட் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தது, வேறு வழியில்லை. ஒரு வாரம் நொண்டியது, பிறகு சரியாகிவிட்டது. தோல் சோபா இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கடிக்கும், மற்றபடி சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தெருவில் விட்டுச் சாகடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். உணர்ச்சிவசப்படாமல் யோசியுங்கள்.

மூன்றுபூனைஅம்மா:
உணர்ச்சிவசப்படாமலே சொல்கிறேன். பூனையின் நகம் நம் நகம் மாதிரி தோலில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. அதனால் “நகத்தை எடுப்பது” என்றால் அந்த எலும்பையே மூட்டோடு வெட்டி எடுப்பது. முன்னங்கால் இரண்டிலும் சேர்த்துப் பத்து விரல். நம் கையில் என்றால் விரல் நுனிகளை முதல் கணுவோடு வெட்டுவது. பூனை நடப்பதே அந்த நுனிகளை ஊன்றித்தான். நியூயார்க் மாநிலம் 2019இல் இதைத் தடை செய்தது, உங்கள் டெக்சாஸிலேயே ஆஸ்டின் நகரம் 2021இல் தடுத்துவிட்டது, பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வந்ததிலிருந்து சிகிச்சைக்காக அன்றிச் செய்யக் கூடாது. வலி இருக்கும் பூனை மணல் தட்டில் கால் வைக்கத் தயங்கி மெத்தையில் மூத்திரம் போகும், நகம் இல்லாததால் பல்லை எடுக்கும். “கொஞ்சம் கடிக்கும்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்.

கடல்கடந்தவன்:
கடிப்பது வயசானதால் என்று நினைத்திருந்தோம். அது இருக்கட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும் வீட்டுக்காரரை யார் கேட்பது? கையில் பூனையோடு வீடு தேடிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அன்றைக்கு எனக்கு இந்த எலும்பு விஷயத்தையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஊர்க்குருவி:
ஒருத்தர் எலும்பை வெட்டுகிறார், ஒருத்தர் மிளகாய்ப்பொடி தெளிக்கிறார், ஒருத்தர் ஹாலில் கம்பம் நடச் சொல்கிறார். வெளியே விடுங்கள் என்று நான் ஒருத்தன் சொன்னால் மட்டும் கொடுமைக்காரன்.

மாடிவீட்டுக்காரன்:
குருவி அண்ணே, வெளியே என்றால் எங்கே? கீழே இறங்கினால் இரண்டு பக்கமும் வண்டி, தெருமுனையில் ஆறு நாய். மரம் என்று பார்த்தால் எதிர் பிளாட்டில் ஒரு அசோக மரம், அதற்கும் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். அக்கா, கடையில் 80 சென்டிமீட்டர் கம்பம் விலையைப் பார்த்துத் தலை சுற்றியது. வீட்டிலேயே செய்ய முடியுமா? நகம் வெட்டினால் போதாதா?

மூன்றுபூனைஅம்மா:
நகம் வெட்டினாலும் பிறாண்டும், சேதம்தான் குறையும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அது தூங்கி வழிகிற நேரத்தில் மடியில் போட்டுக்கொண்டு பாத மெத்தையை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தமும் நரம்பும், அதைத் தொடாமல் கண்ணாடி மாதிரி இருக்கும் நுனியை மட்டும் வெட்டுங்கள். ஒரே நாளில் பத்தையும் வெட்டி முடிக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்காதீர்கள், இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு. தவறி ரத்தம் வந்தால் கொஞ்சம் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும்.

கம்பம் செய்வது சுலபம். நாலு அங்குலத் தடிமனில் நல்ல காய்ந்த மரக்கம்பு ஒன்று, 80 சென்டிமீட்டருக்கு. அடியில் ஒன்றரை அடிச் சதுர ப்ளைவுட், கீழிருந்து நீள ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். பலகை மேல் கம்பின் இரண்டு பக்கமும் கிரானைட் வெட்டுத்துண்டு, கல் கடைகளில் சும்மாவே கிடக்கும், மொத்தம் பத்து கிலோ இருந்தால் ஆடாது. கயிறு நைலான் வேண்டாம், வழுக்கும். தேங்காய் நார்க் கயிறோ சணல் கயிறோ 8 மில்லிமீட்டர் தடிமனில் வாங்கி இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றுங்கள், இந்த அளவுக்கு 35 மீட்டர் பிடிக்கும். நான் முதல் தடவை 20 மீட்டர் வாங்கிப் பாதியில் நின்று மறுபடி கடைக்கு ஓடினேன்.

தேக்குமரம்:
ஸ்டேப்ளர் பின் அடித்துக் கயிறை நிறுத்தாதீர்கள். பின் எழும்பினால் பூனைப் பாதத்தில் ஏறும். மரப்பசை தடவிக்கொண்டே சுற்றுங்கள், மேலும் கீழும் மட்டும் கயிற்று முனையை அடியில் செருகி ஆணி அடித்தால் போதும். ஹாலில் கம்பம் அசிங்கமாக இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுவரைக்கும் சோபாவின் அந்தக் கையில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி வையுங்கள், பாதத்தில் பிசுபிசு என்று ஒட்டுவது அதற்குப் பிடிக்காது. புதுத் துணி இப்போதே போடாதீர்கள். என் தொழிலுக்கு எதிராக நானே பேசுகிறேன்.

ஜீரோபட்ஜெட்:
சரி, பாச்சை உருண்டையை வாபஸ் வாங்குகிறேன், எனக்குத் தெரியாது. பரிகாரமாக ஒன்று சொல்கிறேன். பூனையை மயக்கிக் கம்பத்துக்கு இழுக்க கேட்னிப் என்று வெளிநாட்டுத் தூளைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், காலி மனையில் குப்பைமேனி கிடக்கும். அதற்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு. இலையை இல்லை, வேரைப் பிடுங்கிக் கழுவி, நசுக்கிக் கம்பத்தில் தேயுங்கள். எங்கள் தெருப் பூனை அந்த வேரைக் கண்டால் தரையில் புரளும்.

மூன்றுபூனைஅம்மா:
இதை ஒத்துக்கொள்கிறேன். தேய்த்த பிறகு வேரை எடுத்துப் போட்டுவிடுங்கள், தின்ன விட வேண்டாம். என் மூன்றில் இரண்டு புரண்டன, மூன்றாவது ஒரு தடவை மோந்துவிட்டு என் செருப்பின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. கேட்னிப்பிலும் எல்லாப் பூனையும் மயங்காது.

மாடிவீட்டுக்காரன்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். கம்பம் செய்தாயிற்று, செலவு கயிறோடு சேர்த்து 700 ரூபாய். முதல் மூன்று நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குப்பைமேனி வேர் தேய்த்த அன்று சாயங்காலம் கன்னத்தை வைத்து உரசியது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் தூங்கி எழுந்து நேராகக் கம்பத்துக்குப் போய், பின்னங்காலில் நின்று, கை இரண்டையும் உச்சிக்குத் தூக்கி, முதுகு வில்லாக வளைய ஒரு இழு இழுத்தது பாருங்கள், வீட்டில் எல்லோரும் பல் விளக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். சோபா முழுசாகத் தப்பித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சாப்பாடு தாமதமானால் டேப் ஒட்டாத இடது கையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கும். நகம் இதுவரை ஆறு வெட்டியிருக்கிறேன். கம்பத்தின் மேல்பாதிக் கயிறு இப்போதே பிசிறு பிசிறாகத் தொங்குகிறது, மாற்றிவிடலாமா?

மூன்றுபூனைஅம்மா:
மாற்றாதீர்கள் தம்பி! அந்தப் பிசிறுதான் அதற்குப் பிடித்தது, அதன் வாசனையும் அதில்தான் இருக்கிறது. கயிறு அறுந்து கட்டை தெரிகிற வரைக்கும் விடுங்கள்.

ஊர்க்குருவி:
ஆக, காய்ந்த கட்டையை வாங்கி, கல்லை வைத்து நிறுத்தி, தேங்காய் நாரைச் சுற்றி, குப்பைமேனி வேரும் தேய்த்து ஹாலுக்குள் ஒரு மரம் நட்டிருக்கிறீர்கள். பூனைக்கு மரம் வேண்டும் என்று நான் முதல் நாளே சொன்னேனா இல்லையா?