ஹட்டன் பக்கம் பொட்டம் பிரக்கெட் டூல் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. பெடல் கைகள் (கிராங்) சுற்றும் அச்சும் பெயாரிங்கும் உள்ள பாகமான பொட்டம் பிரக்கெட்டைக் கழற்ற வேண்டும். மவுண்டன் சைக்கிள், ஷெல் (பிறேமில் அது உட்காரும் குழாய்) அகலம் 68 மி.மீ., சதுர அச்சு, காட்ரிஜ் (அச்சும் பெயாரிங்கும் ஒரே மூடிய துண்டு) வகை. செயினை இறக்கிவிட்டு ஒரு கிராங்கை அசைத்தால் மற்றதும் சேர்ந்தே ஆடுகிறது. ஒன்று மட்டும் ஆடினால் கிராங் போல்ட்தான் லூஸ் என்று விட்டுவிடலாம். இது பெயாரிங் தேய்மானம். சுற்றும்போது மணல் அரைபடுவது விரலுக்கே தெரிகிறது.

கிராங்குகளைப் புல்லர் போட்டுக் கழற்றியாயிற்று. இடப்பக்கக் கப் (காட்ரிஜைப் பிடித்திருக்கும் மரை வளையம்) வந்துவிட்டது. செயின் பக்கம் மறுமரை (எதிர்த்திசையில் திருகும் மரை), அதனால் வலஞ்சுழியாகத்தான் திருப்புகிறேன். மழைத் துருவில் இறுகிப்போய் 20 பல் டூல் வழுக்குகிறது. பல் மழுங்கினால் பிறகு எதுவும் பிடிக்காது, நிறுத்திவிட்டேன். டூலை அச்சோடு போல்ட் போட்டு இறுக்கும் வகை இரவல் கிடைக்குமா?

அச்சு நீளம் 122.5 மி.மீ. இதே அளவு பொட்டம் பிரக்கெட் நுவரெலியாவில், ஹட்டனில் எங்கே கிடைக்கும்? 113 போட்டால் செயின்ரிங் பிறேமில் உரசும்.