மாமியாரின் மறதிநோயும் என் மீதான திருட்டுப் பழியும்: எப்படி நடந்துகொள்வது?

அம்பத்தூர் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு 76 வயது; அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதாக நரம்பியல் மருத்துவர் சென்ற ஆண்டு சொன்னார். டோனெபெசில் மாத்திரை கொடுத்து வருகிறோம். மறதியைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் தம் வளையல்களை நான் எடுத்துக்கொண்டதாக வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். விளக்கு வைக்கும் நேரம் ஆனதும், "அப்பா தேடுவார், வீட்டுக்குப் போகணும்" என்று பையோடு வாசலுக்கு வந்துவிடுகிறார். என் கணவரோ, வயதானால் அப்படித்தான் என்கிறார். போதாக்குறைக்கு, நான்கைந்து நாட்களாகப் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். இரவில் சுவரோரம் யாரோ நிற்பதாகக் கத்துகிறார். நோய் முற்றிவிட்டதா? இந்தப் பழியை எப்படித் தாங்குவது?

ஓய்வு பெற்ற செவிலியர்:

சகோதரி, வளையல் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த நான்கைந்து நாள் மாற்றத்தைக் கவனியுங்கள். அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடுகிற நோய். ஒரு வாரத்துக்குள் ஒருவர் இப்படி மாறினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்; இப்படித் திடீரென வரும் குழப்பத்தை மருத்துவர்கள் டெலீரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, யாரும் பார்க்காத நேரத்தில் விழுந்து தலையில் அடிபட்டது என்று எதுவாகவும் இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று வந்தும் காய்ச்சலே இல்லாமல், குழப்பம் மட்டும் வெளியே தெரிவதும் உண்டு.

மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரை ஏதேனும் கொடுத்தீர்களா? மூளையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் குறையாமல் காப்பது டோனெபெசிலின் வேலை. சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் என்ற மருந்து அதே பொருளின் செயலைத் தடுக்கிறது; அதனாலும் குழப்பம் வரலாம். ஆகவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024-இல் திறக்கப்பட்ட அரசு முதியோர் நல மருத்துவமனை உங்களுக்கு அதிகத் தூரமில்லை. காரணத்தைச் சரிசெய்த பிறகும் உருவங்கள் தெரிந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். லூயி பாடி என்ற வகை மறதிநோயாக இருந்தால், ஹாலோபெரிடால் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகள் பெரும் தீங்கு செய்யக்கூடும்.

மதுரைக்காரன்:

செவிலியர் அம்மா சொன்னதை முதலில் செய்யுங்கள். பழியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். என் தாயார் வளையல்களைப் பழைய ரவிக்கைத் துணியில் முடிந்து உளுந்து டப்பாவின் அடியில் புதைத்துவிடுவார். வைத்த நினைவு போய்விடும், பொருள் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்த இடைவெளியை மூளை ஒரு கதையால் நிரப்பும்போது, அதிகம் அருகில் இருப்பவர்தான் திருடர் ஆகிறார். உங்கள் மீது பழி வருவதற்குக் காரணம் பொழுதெல்லாம் நீங்கள் கூடவே இருப்பதுதான். "நான் எடுக்கவில்லை" என்று வாதாடாதீர்கள். "காணவில்லையா, வாங்க சேர்ந்து தேடுவோம்" என்று எழுந்துவிடுங்கள். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு, அதே மாதிரிக் கவரிங் வளையல்களை அவர் கைக்குக் கொடுங்கள். உறவினர்களிடம் நோயைப் பற்றி உங்கள் கணவரே பேசட்டும். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரி காதில் விழும்.

மாலைத் தவிப்புக்கு, இருட்டும் முன்பே எல்லா விளக்குகளையும் போடுங்கள்; பகல் தூக்கத்தைக் குறைத்துவிடுங்கள். அப்பா இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு நாளும் சொன்னால், ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுச் சாவு. பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. "உங்கள் அப்பா எப்படிப்பட்டவர்? அந்த வீட்டில் கிணறு இருந்ததா?" என்று கேளுங்கள், பேச்சு அங்கே போனால் பை தானாகக் கீழே இறங்கும். எல்லா நாளும் இது பலிக்காது. அப்படிப்பட்ட நாளில் கூடவே தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். அவர் சட்டைப்பையிலோ கைச்சங்கிலியிலோ உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும்.

அம்பத்தூர் மருமகள்:

மிக்க நன்றி. மாலையிலேயே மருத்துவமனைக்குப் புறப்படுகிறோம். சளிக்காக ஒரு மாத்திரை கொடுத்தது உண்மைதான். இன்னொன்று: அவருடைய கையெழுத்து இப்போது மாறி மாறி விழுகிறது. ஓய்வூதியத்தை எடுக்க அவரிடம் பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கினால் போதுமா?

முன்னாள் வங்கி அலுவலர்:

போதாது. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் முடிந்துவிடும். நமக்குத் தேவைப்படும் காலத்தில் அது பயன்படாது. கையெழுத்துப் போட இயலாதவர்கள் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் இடம் தருகின்றன. இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க வேண்டும். கிளை மேலாளரிடம் இப்போதே எழுத்து மூலம் தெரிவித்து வையுங்கள். ஆண்டுதோறும் தர வேண்டிய ஆயுள் சான்றுக்கு அவரை அலைக்கழிக்காதீர்கள். சிறு கட்டணத்துக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்து கொடுப்பார். உயில், நியமனதாரர் (நாமினி) போன்றவற்றை அவர் தெளிவாக இருக்கும் நாட்களில், அவருடைய விருப்பத்தைக் கேட்டு, மருத்துவர் சான்றுடன் முடித்துவிடுங்கள். இந்த வாரக் குழப்பம் தீராமல் எதிலும் கையெழுத்து வாங்க வேண்டாம்.